ஒற்றைக் காதுக்காரி

மார்ச் 4

அடி குண்டூசி,

ஐந்து மாதம் கழித்து ஒரு கடிதம் போடுகிறாய், அதுவும் நாலே வரி. உயிரோடு இருக்கிறேன். சலவைக்கூடத்தில் இஸ்திரி வேலை. ஃபோன் கிடையாது, வாங்கவும் மாட்டேன். எழுதுவதானால் இந்த அஞ்சல் பெட்டி எண்ணுக்கு எழுது. தந்தி அடிக்கிறவர்கள்கூட உன்னைவிடத் தாராளமாக எழுதுவார்கள். ஆனாலும் இருபது தடவை படித்தேன். முத்திரையில் இருந்த ஊரை மனதில் வாங்கிக்கொண்டு உறையை அடுப்பில் போட்டுவிட்டேன். பயப்படாதே.

உன் வீட்டுக்காரர் மூன்று தடவை வந்துவிட்டார். பழைய கார் வாங்கி விற்கிற ஆள் அல்லவா, ஒவ்வொரு தடவையும் ஒரு கார். சத்தம் போடவில்லை. "அவ எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரியாம இருக்காதுக்கா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, டீயைச் சொட்டுவிடாமல் குடித்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு அந்தத் தம்ளரைக் கழுவக்கூட எனக்குக் கை வரவில்லை.

போன வருஷம் நீ என் வீட்டுக்கு ஓடி வந்தாயே, அதைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். "நாலு சுவத்துக்குள்ள பேசித் தீத்துக்கோடி" என்று நான்தானே உன்னை அவரோடு திருப்பி அனுப்பினேன். மேற்கொண்டு எழுத வரவில்லை. ஆபீஸ் கதைக்குப் போகிறேன்.

ஃபோனில் பாட்டுக் கேட்கும் செயலி நடத்துகிற எங்கள் கம்பெனி புதிதாக ஒரு வகைப் பாட்டைச் சந்தைக்குக் கொண்டுவருகிறது. மேளம் இல்லை, ஒரே ஒரு வாத்தியம், பாடுகிறவர் காதுக்குள் ரகசியம் சொல்கிற மாதிரி பாடுவார். நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'முணுமுணுப்பு'. இதை யார் கேட்பார்கள் என்று கண்டுபிடிப்பது என் தலையில் விழுந்திருக்கிறது. என்ன வயசு, என்ன வேலை, எந்நேரம் போடுகிறார்கள், எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள் என்று ஆயிரம் பேரைப் பார்த்து, எல்லாரையும் கலந்து ஒரே ஒரு ஆளாக ஒரு கார்டில் எழுத வேண்டும். பாட்டு எழுதுகிறவரிலிருந்து விளம்பரம் போடுகிறவர் வரை அந்த ஒரு ஆளை நினைத்துத்தான் வேலை செய்வார்கள். காதலிக்கிற கல்லூரிப் பிள்ளைகள்தான் கேட்பார்கள் என்று எங்கள் மேலாளர் சாதிக்கிறார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் தலைவலி. எனக்கென்னவோ அப்படித் தோன்றவில்லை. சின்ன வயசிலிருந்து நீ கேட்பதெல்லாம் இந்த மாதிரிப் பாட்டுத்தானே?

இதோடு ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறேன். நிரப்பி அனுப்பு. எதை வேண்டுமானாலும் எழுது, 'தெரியவில்லை' என்று மட்டும் எழுதாதே. எங்கள் ஆபீசில் அது கெட்ட வார்த்தை.

உன் அக்கா



மார்ச் 12

அக்கா,

இன்னும் அவருக்கு டீ போட்டுக் கொடுக்கிறாய். நல்லது.

உன் கேள்வித்தாளைக் கிழித்துப் போடத்தான் இருந்தேன். ஆனால் இந்த ஐந்து மாதத்தில் "உனக்கு எது பிடிக்கும்?" என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை. ஒரு தாள் கேட்கிறது. அதற்காக எழுதுகிறேன்.

எங்கே கேட்கிறீர்கள்? நீராவிக்கு நடுவில். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் மலை மாதிரி வரும். பதினோரு மேசை, என்னுடையது பதினோராவது. எதில் கேட்கிறீர்கள்? தீப்பெட்டி அளவு பாட்டுப்பெட்டி, பத்தாவது மேசைக்காரி கொடுத்தது. எப்படிக் கேட்கிறீர்கள்? ஒரு காதில் மட்டும், இடது. வயர் இஸ்திரியில் மாட்டாமல் இருக்க அதைக் கொண்டை ஊசியில் சுற்றிக்கொள்வேன், பழைய பழக்கம். எப்போது நிறுத்துவீர்கள்? துணி ஏற்ற வண்டி வந்து, முன்பக்க ஷட்டர் கதவு மேலே போவது கண்ணில் படும்போது. யார் உள்ளே வருகிறார்கள் என்று பார்த்த பிறகுதான் மறுபடி போடுவேன். பாட்டுக்கு நடுவில் யாராவது கூப்பிட்டால் என்ன சொல்வீர்கள்? "இந்தப் பாட்டு முடியட்டும்." அதுதான் உனக்கே தெரியுமே. அதற்காக எத்தனை வாங்கியிருக்கிறேன்.

எங்கள் முதலாளியம்மா கஞ்சி போட்ட துணி மாதிரி விறைப்பு, அதனால் கஞ்சியம்மா. அவருக்கும் இந்தப் பாட்டுதான் பிடிக்கும், வெளியில் காட்டிக்கொள்ள மாட்டார். கல்லூரிப் பிள்ளைகளாம்! உங்கள் தலைவலியை ஒரு நாள் இங்கே வந்து நிற்கச் சொல்.

இது உனக்கு மட்டும். யாருக்கும் காட்டாதே.



மார்ச் 23

என் தங்கமே,

ஜெயித்துவிட்டோம்! கார்டைப் படித்ததும் தலைவலி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவ்வளவு நாள் நாம யாருக்குப் பாட்டு விக்கிறோம்னே தெரியாம இருந்திருக்கோம்மா" என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை.

உன்னைக் கேட்ட பிறகுதான் எனக்கு வழி திறந்தது. இத்தனை நாளும் எந்தப் பாட்டைப் போடுகிறார்கள் என்று பிரித்துக்கொண்டிருந்தோம். நான் எப்போது நிறுத்துகிறார்கள் என்று பிரித்தேன். பார்த்தால், முணுமுணுப்புக் கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் பாட்டு முடிந்து நிறுத்துவதில்லை. யாரோ வருகிறார்கள், நிறுத்துகிறார்கள். தினமும் அதே நேரத்துக்கு. நூறு பேரிடம் பேசிப் பார்த்தேன், பாதிப் பேர் ஒரு காதில்தான் மாட்டுகிறார்கள். கார்டுக்கு 'ஒற்றைக் காதுக்காரி' என்று பெயர் வைத்தேன். முதல் வரி: "ஒரு காது பாட்டுக்கு, ஒரு காது கதவுக்கு." எப்படி?

கோபப்படாதே. கார்டில் பெயர் இல்லை, ஊர் இல்லை. நூறு பேரைக் கலந்ததுதான், அதில் நீ கொஞ்சம் தூக்கலாக விழுந்துவிட்டாய், அவ்வளவுதான். ஆபீசைத் தாண்டி அது போகாது.

அப்புறம் ஒரு விஷயம். ஃபோனே கிடையாது, தீப்பெட்டியில்தான் கேட்கிறேன் என்று கதை விட்டாயே திருடி! எங்கள் செயலியில் உன் பழைய கணக்கு ஓடுகிறது, பட்டியலில் பார்த்துவிட்டேன். நீ முன்னால் சேர்த்து வைத்திருந்த அதே பாட்டுகள். பார்த்ததும் நீயே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. ஆனால் ஏண்டி எல்லாப் பாட்டையும் பல்லவி முடிந்ததும் மாற்றிவிடுகிறாய்? அதுவும் முழுச் சத்தத்தில்? "இந்தப் பாட்டு முடியட்டும்" என்கிறவளுக்கு எப்போதிருந்து இவ்வளவு அவசரம்?

உன் அக்கா



ஏப்ரல் 1

அக்கா,

நான் கதை விடவில்லை. என் ஃபோனைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். போன தடவை உன் வீட்டுக்கு ஓடி வந்தபோது அந்த ஃபோனை வைத்துத்தானே என்னைப் பிடித்தார். நீ பட்டியலில் பார்ப்பது என்னை இல்லை.

அவருக்கு இந்தப் பாட்டெல்லாம் பிடிக்காது. எதற்கு என் பாட்டை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறார்?

இன்னொன்று. "ஒரு காது பாட்டுக்கு, ஒரு காது கதவுக்கு." நல்ல வரிதான். எல்லாரும் கை தட்டியிருப்பார்கள். அக்கா, எனக்கு இன்னொரு காது இல்லை. நீ என்னைத் திருப்பி அனுப்பினாயே, அந்த வாரம் வெள்ளிக்கிழமை வலது காதில் விழுந்தது அடி. ரத்தம் வந்தது, அப்புறம் நின்றது, அதோடு சத்தமும் நின்றுவிட்டது. கூப்பிட்டார், "இந்தப் பாட்டு முடியட்டும்" என்றேன், அவ்வளவுதான். உனக்கு எழுத வேண்டாம் என்று இருந்தேன். எழுத வைத்துவிட்டாய்.

மற்றவர்கள் ஒரு காதைக் கதவுக்கு வைத்திருப்பார்கள். எனக்குப் பாட்டு ஓடினால் கதவு கிடையாது. என் பின்னால் யார் வந்து நின்றாலும் தெரியாது. அப்படியும் அதைக் கேட்கிறேன் என்றால் எவ்வளவு வேண்டியிருக்கும், யோசித்துப் பார்.

கார்டில் என்னென்ன போட்டாய்? கொண்டை ஊசியைப் போட்டாயா? மேசையைப் போட்டாயா? நேராகப் பதில் சொல்.



ஏப்ரல் 8

குண்டூசி,

நேராகச் சொல்கிறேன். கொண்டை ஊசியைப் போட்டேன். நீராவியைப் போட்டேன். பதினோராவது மேசையைப் போட்டேன். எதை எடுத்தாலும் கார்டு செத்துவிடும் போலிருந்தது, அதனால் எடுக்கவில்லை. புத்தி கெட்டுப்போய் இருந்திருக்கிறேன்.

கார்டு ஆபீசைத் தாண்டிப் போய்விட்டது. விளம்பரக்காரர்கள் அதை அப்படியே அச்சடித்துவிட்டார்கள். எனக்கே பஸ் நிறுத்தத்தில் பார்த்துத்தான் தெரியும். பெரிய எழுத்தில் "இந்தப் பாட்டு முடியட்டும்." கீழே, நீராவிக்கு நடுவில், பதினோராவது இஸ்திரி மேசையில், கொண்டை ஊசியில் வயரைச் சுற்றிக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள், அவளுக்காக இந்தப் பாட்டு என்று. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தலைவலியிடம் போய்ச் சண்டை போட்டேன், எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார், ஆனால் எத்தனை ஊரில் ஒட்டியாகிவிட்டதோ.

நேற்று அவன் வந்தான். ஆமாம், அவன்தான். இனி என் வாயில் 'அவர்' வராது. சட்டைப் பையிலிருந்து அந்த விளம்பர நோட்டீஸ் ஒன்றை எடுத்து, மடிப்பை நீவி நீவி மேசைமேல் விரித்தான்.

"நம்ம வீட்டுக்காரிய ரொம்ப அழகா எழுதியிருக்காங்கக்கா. உங்க கம்பெனிதானே?"

"ஊருல இப்படி ஆயிரம் பேர் இருப்பாங்க."

"இருக்கலாம். ஆனா கொண்டை ஊசியில வயர் சுத்துறவ எத்தனை பேரு? பதினோரு மேசை போட்ட சலவைக்கூடம் எத்தனை இருக்கும்? எங்கிட்டதான் வண்டி இருக்கே, ஒவ்வொண்ணாப் பாத்துட்டு வரேன்."

"பாத்து என்ன செய்யப் போற?"

சிரித்தான், குண்டூசி. "ஒண்ணும் செய்ய வேணாம்க்கா. வாசல்ல நின்னு அவ பாட்டைச் சத்தமா வெச்சாப் போதும். எந்தத் தலை தூக்குதோ, அதுதான் அவ."

இதற்குத்தான் அவன் உன் பாட்டைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறான். நான் ஆபீசில் செய்வதை அவன் வீட்டில் உட்கார்ந்து செய்திருக்கிறான்.

அவன் போனதும் நான் செய்யக் கூடாத ஒன்றைச் செய்தேன். யார் எந்த ஊரில் கேட்கிறார்கள் என்று காட்டும் பக்கத்தைத் திறக்க எனக்கு அனுமதி இல்லை. திறந்தேன். உன் கணக்கு தினம் ஒரு ஊரில் ஓடுகிறது. இன்னும் உன் ஊருக்கு வரவில்லை. அவனுக்கும் ஒரு கார்டு எழுதியிருக்கிறேன், இதை மனப்பாடம் செய்: முழுச் சத்தம். பல்லவி முடிந்த அந்த நொடியில் வெட்டுவான், சரணத்துக்குப் போனதே இல்லை. முன்னூறு பாட்டில் ஒன்றுகூட முடியவிட்டதில்லை. அவன் கார் மாறும், சட்டை மாறும், மீசை மாறும், இது மாறாது. இப்படி ஒரு சத்தம் கேட்டால் தலையைத் தூக்காதே. எந்தப் பாட்டாக இருந்தாலும் தூக்காதே.

அங்கிருந்து கிளம்பு. எங்கே என்று எனக்குச் சொல்ல வேண்டாம்.

உன் காது போனதில் என் கையும் இருக்கிறது. என்னை மன்னிப்பாயா என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது. கேட்கிறேன்.

அக்கா



ஏப்ரல் 14, செவ்வாய், மதியம்

குண்டூசி,

புத்தாண்டு விடுமுறையிலும் காலையில் ஆபீசுக்கு வந்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். உன் ஊர்.

போன கடிதம் கைக்கு வந்ததா, கிளம்பினாயா, ஒன்றும் தெரியவில்லை. இந்தக் கடிதம் நாலு நாள் நடக்கும். அவனுக்கு நாலு நாள் தேவையில்லை. அதனால் ஆபீஸ் ஃபோனை எடுத்துக்கொண்டு உன் ஊரில் உள்ள சலவைக்கூடங்களை வரிசையாகக் கூப்பிட்டேன். உன் பெயரைச் சொல்ல முடியாது, அங்கே என்ன பெயரில் இருக்கிறாயோ. உன்னைத் தேடுகிறேன் என்றும் சொல்ல முடியாது, அது அவனுக்கு வழி காட்டுவதாகிவிடும். "உங்க கிட்ட பதினோரு மேசை இருக்குங்களா?" என்று மட்டும் கேட்டேன். நாலு இடத்தில் பைத்தியம் என்று வைத்துவிட்டார்கள்.

ஐந்தாவது இடத்தில் ஒரு பெண் குரல். "இன்னிக்கு இதைக் கேக்குற ரெண்டாவது ஆளு நீங்க" என்றது.

"முதல்ல கேட்டது யாருங்க?" என்றேன். "ஆம்பளை. எங்க கிட்ட எட்டு மேசைதான்." வைக்கப் போகிறாள் என்று தெரிந்துவிட்டது. என்ன பேசுகிறேன் என்றே தெரியாமல் அழுதுகொண்டே கத்தினேன். "இருந்தா சொல்லுங்கம்மா, பதினோராவது மேசை தலையைத் தூக்க வேணாம்னு சொல்லுங்க. என்ன பாட்டு கேட்டாலும் தூக்க வேணாம்." "எட்டுதான்னு சொல்றேன்ல" என்று வைத்துவிட்டாள்.

மற்ற இடங்களையும் கூப்பிட்டுப் பார்த்தேன். எங்குமே பதினோரு மேசை இல்லை.

இந்தக் கடிதத்தை உன் பெட்டிக்கு அனுப்புகிறேன். யார் திறப்பார்கள் என்று தெரியவில்லை. நீ திறந்தால் ஒரு வரி எழுது. வெறும் தாளை அனுப்பினாலும் போதும்.

அக்கா



ஏப்ரல் 21

அக்கா,

இருக்கிறேன். முதலில் இதைப் படித்துவிட்டு, மூச்சு விட்டுக்கொண்டு, மீதியைப் படி.

எட்டாம் தேதி நீ எழுதியது திங்கட்கிழமை கிடைத்தது. வாரத்துக்கு ஒரு நாள்தான் பெட்டியைத் திறப்பேன். புதன்கிழமை விடியலில் கிளம்புவதாக இருந்தேன். அதற்குப் பிறகு நீ ஏதாவது எழுதியிருந்தால் அது அந்தப் பெட்டியிலேயே கிடக்கட்டும், இனி அந்தப் பக்கம் போகமாட்டேன். ஆனால் நீ ஃபோன் செய்தது தெரியும்.

செவ்வாய் மதியம் கஞ்சியம்மா என் மேசைக்கு வந்து நின்றார். "எவளோ ஒருத்தி ஃபோன்ல அழுவுறா. பதினோராவது மேசை தலையத் தூக்கக் கூடாதாம். காலையில எவனோ ஒருத்தன் மேசைய எண்ணச் சொல்றான். ரெண்டு பேருக்கும் எட்டுன்னு சொல்லிட்டேன். என்னடி சமாச்சாரம்?" நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொந்த அக்காவிடம் சொல்ல ஒரு வருஷம் ஆனது, அவரிடம் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிட்டேன். "சரி, தேய்" என்றார். விரிப்புகள் தொங்குகிற சக்கரக் கம்பியை இழுத்து என் மேசைக்குக் குறுக்கே விட்டார். அவ்வளவுதான் பேச்சு.

ஒரு மணி நேரம் இருக்கும். துணி வண்டிக்காக முன்கதவைத் தூக்கி வைத்திருந்தார்கள். பாட்டு வந்தது. எனக்கு ரொம்பப் பிடித்த பாட்டு, அக்கா. முணுமுணுப்பாகப் பாட வேண்டியதை ஊரே கேட்கிற மாதிரி அலறவிட்டிருந்தான். கூடத்தில் இருந்த பத்துத் தலையும் தூக்கித் தெருப்பக்கம் திரும்பின. அவர்களுக்கென்ன தெரியும், சத்தம் கேட்டால் யாரும் திரும்பத்தானே செய்வார்கள். நான் மட்டும் திரும்பவில்லை. நீ சொன்னது ஞாபகம் இருந்து குனிந்துகொண்டேன் என்று எழுத ஆசைதான். அது இல்லை. ஒரு காதில் கேட்டால் சத்தம் வருவது தெரியும், எந்தப் பக்கமிருந்து என்று தெரியாது. முன்னாலா, பின்னாலா, பக்கத்திலேயேவா, ஒன்றும் பிடிபடவில்லை. திரும்புவதற்கு எனக்கு ஒரு பக்கம் இல்லை. அதற்குள் பல்லவி முடிந்தது. வெட்டு. அடுத்த பாட்டு. அதுவும் பல்லவியோடு வெட்டு. உன் கார்டு சரி.

"அம்மா, எந்தப் பக்கம் கேக்குது?" என்றேன். "முன்னாடி" என்றார், என்னைப் பார்க்காமலே. அவன் படியேறிவிட்டான். "சும்மா பாக்கலாம்னு வந்தேன்மா. உங்க ஆளுங்க பாட்டு ரசிப்பாங்க போல" என்று அந்தக் குரல், அந்தச் சிரிப்பு. தவழ்ந்துதான் விரிப்புகளுக்குப் பின்னால் போனேன். பத்தாவது மேசைக்காரி சத்தமில்லாமல் என் இடத்துக்கு நகர்ந்து என் இஸ்திரியைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவன் மேசைகளை எண்ண ஆரம்பித்தான், வாய்விட்டு, குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி நிதானமாக. ஒண்ணு, ரெண்டு. பின்கதவின் தாழ்ப்பாள் இறுக்கம். ஒன்பது வரை கேட்டேன்.

அப்புறம் தெரு. ஓடவில்லை, ஓடினால் பார்ப்பார்கள் என்று நடந்தேன். எப்படி இந்த ஊருக்கு வந்தேன் என்பது உனக்கு வேண்டாம். இந்தக் கடிதத்தை வேறொருவர் வேறொரு ஊரில் போடுவார், முத்திரையைப் படித்து மனதில் வாங்கிக்கொள்ளாதே.

நீ திருப்பி அனுப்பியதை நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன். ஆனால் அவன் பக்கம் தள்ளிவிட்டதும் நீதான், சலவைக்கூடத்துக்கு ஃபோன் போட்டு அழுததும் நீதான். இரண்டும் என்னிடம் இருக்கட்டும்.

அஞ்சல் பெட்டி இனி இல்லை. நானும் எழுதமாட்டேன். தீப்பெட்டிப் பாட்டை அந்த மேசையிலேயே விட்டுவிட்டேன், வேறு வாங்கவில்லை. இனி எனக்கு இருக்கிற ஒரு காதும் கதவுக்குத்தான்.

அவன் உன்னிடம் வருவான். மறுபடி சிரிப்பான். நோட்டீசை விரிப்பான். நீ அழுவாய், உன் முகத்தில் எதுவும் நிற்காது, எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன். அவன் கேட்டாலும், உங்கள் தலைவலி கேட்டாலும், ராத்திரி உன் மனசே உன்னைக் கேட்டாலும், உங்கள் ஆபீசின் கெட்ட வார்த்தையைச் சொல்லு. 'தெரியவில்லை.'

உண்மையாகவே தெரியாமல் இரு, அக்கா.

குண்டூசி